கிராண்ட் கேன்யன் மேல் ஹெலிகாப்டர்: பறக்கும் பாதையை முடிவு செய்வது யார்?

அமெரிக்காவில் இருக்கும் மகனையோ மகளையோ பார்க்கப் போகும் அப்பா அம்மாக்களின் பயணத் திட்டத்தில் லாஸ் வேகாஸும் கிராண்ட் கேன்யனும் சேர்ந்தே இடம்பிடித்துவிடுகின்றன. கூடவே ஒரு கேள்வியும் வரும்: ஹெலிகாப்டரில் போகலாமா? ஆளுக்குச் சில நூறு டாலர் ஆகும். அவ்வளவு பணம் கொடுத்து ஏறுகிறவர்களில் பலருக்கும், எந்தப் பள்ளத்தாக்கின் மேல் பறக்கப் போகிறோம், ஏன் அந்த வழியாக, ஏன் அந்த உயரத்தில் என்பதெல்லாம் தெரியாது. விமானி தன் விருப்பத்துக்கு ஓட்டிக் காட்டுகிறார் என்றுதான் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அந்தப் பாதையின் ஒவ்வொரு திருப்பத்துக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. சில காரணங்கள் சட்டம், சில காற்று, சில காரணங்கள் செத்துப்போன மனிதர்கள்.

முதலில் இடத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அரிசோனா மாநிலத்தில் கொலராடோ ஆறு அறுத்த இந்தப் பள்ளத்தாக்கு, ஆற்றோடு போனால் 446 கிலோமீட்டர் நீளம். அகலம் சில இடங்களில் 29 கிலோமீட்டர், ஆழம் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல். இதில் சுற்றுலா ஹெலிகாப்டர்கள் பறப்பது முக்கியமாக இரண்டு பகுதிகளில். ஒன்று, தெற்கு விளிம்பை ஒட்டிய டூசயான் என்ற சிற்றூரின் விமான நிலையத்திலிருந்து கிளம்பி, தேசியப் பூங்காவின் மேல் போய்த் திரும்புவது. படங்களில் நாம் பார்த்துப் பழகிய கிராண்ட் கேன்யன் இதுதான். இன்னொன்று, லாஸ் வேகாஸ் பக்கமிருந்து கிளம்பி, ஹூவர் அணை, மீட் ஏரி வழியாக மேற்குப் பகுதிக்குப் போவது. அங்கே ஹெலிகாப்டர் பள்ளத்தாக்கின் அடிவரைக்கும் இறங்கும். அது தேசியப் பூங்கா நிலம் இல்லை. வாலபாய் என்ற பழங்குடி மக்களின் நிலம். விளம்பரத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். காரில் போனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நான்கு மணி நேரம்.

ஆகவே ‘வேகாஸிலிருந்து ஹெலிகாப்டரில் கிராண்ட் கேன்யன் பார்த்தோம்’ என்று சொல்லும் பலர், தெற்கு விளிம்பின் அந்தப் பெரிய காட்சியைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். அவர்கள் பார்த்ததும் அழகான இடம்தான், ஆனால் வேறு இடம்.

மேலே போனால் என்ன தெரிகிறது

விளிம்பில் நின்று பார்த்தாலே போதாதா, எதற்குப் பறக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. தெற்கு விளிம்பில் மாதர் முனையிலோ யவபாய் முனையிலோ காலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பதற்கு எந்த ஹெலிகாப்டரும் ஈடாகாது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் விளிம்பில் நின்றால் புரியவே புரியாத சில விஷயங்கள் மேலே போனால் சட்டென்று பிடிபடும்.

அதில் முக்கியமானது, இந்தப் பள்ளத்தாக்கு நடுவில் ஆறு ஓட இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அமைந்ததல்ல என்பது. வடக்கு விளிம்பு, தெற்கு விளிம்பை விட சுமார் 300 மீட்டர் உயரம். நிலம் முழுக்கத் தெற்கு நோக்கிச் சாய்ந்திருக்கிறது, தண்ணீர் ஒரு மூலைக்கு ஓடுவதற்காகச் சாய்த்துப் போட்ட மொட்டைமாடித் தளம் போல. வடக்குப் பக்கம் பெய்யும் மழையும் உருகும் பனியும் சரிவைப் பிடித்துக்கொண்டு நேராகப் பள்ளத்தாக்குக்குள் வந்து விழுகின்றன. வரும் வழியில் பாறையை அறுத்து நீளமான கிளைப் பள்ளத்தாக்குகளை உண்டாக்கிவிட்டன. தெற்குப் பக்கம் பெய்யும் மழையோ விளிம்பிலிருந்து விலகி, பள்ளத்தாக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடிவிடுகிறது. அதனால் தெற்குச் சுவர் செங்குத்தாகவும் ஆற்றுக்குப் பக்கத்திலும் நிற்கிறது. வடக்குச் சுவர் அரிபட்டு அரிபட்டு வெகுதூரம் பின்வாங்கியிருக்கிறது. வரைபடத்தில் இதைப் பார்க்கலாம். ஆனால் தெற்கிலிருந்து கிளம்பிச் சில நிமிடங்களுக்குள் ஆற்றைத் தாண்டிவிட்டு, அதற்கப்புறம் வடக்கு விளிம்பு வருவதற்கு வெகுநேரம் பறந்துகொண்டே இருக்கும்போதுதான் அது உடம்பில் உறைக்கும்.

அப்புறம் அந்தத் தொடக்கம். டூசயானிலிருந்து கிளம்பினால் கீழே கைபாப் தேசியக் காடு. பொண்டரோசா பைன் மரங்கள் சீராக, சலிப்பூட்டும் அளவுக்குச் சீராக ஓடிக்கொண்டே இருக்கும். ஹெலிகாப்டர் மரங்களுக்கு மேலே ஓரளவு தாழ்வாகத்தான் போகும். திடீரென்று காடு முடியும். அதே கணத்தில் தரையும் முடியும். ஹெலிகாப்டர் ஏறவில்லை, இறங்கவில்லை, ஆனால் காலுக்குக் கீழே இருந்த சில நூறு அடி உயரம் ஒரு மைல் ஆகிவிடும். இந்த ஒரு நொடிக்காகவே பலர் பணம் கொடுக்கிறார்கள். கொடுக்கலாம்.

சுவரில் தெரியும் அடுக்குகளையும் தெரிந்துகொண்டு போனால் நல்லது. மேலே வெளிர் நிறத்தில் இருக்கும் கைபாப் சுண்ணாம்புக்கல்லின் வயது சுமார் 27 கோடி ஆண்டுகள். நடுவே சிவப்பாகச் செங்குத்தாக நிற்பது ரெட்வால் சுண்ணாம்புக்கல். உண்மையில் அது சாம்பல் நிறக் கல். மேலடுக்குகளில் இருக்கும் இரும்புத் துரு மழைநீரோடு வழிந்து வழிந்து அதற்குச் சிவப்புப் பூச்சு கொடுத்திருக்கிறது. ஆற்றங்கரையில் கருப்பாகத் தெரிவது விஷ்ணு படிகப் பாறை, வயது 170 கோடி ஆண்டுகளுக்கு மேல். ஆமாம், நம்ம விஷ்ணுதான். இந்தப் பள்ளத்தாக்கின் சிகரங்களில் சிலவற்றுக்கு விஷ்ணு கோயில், பிரம்மா கோயில், சிவன் கோயில் என்று 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்க நிலவியலாளர்கள் பெயர் வைத்துவிட்டுப் போனார்கள். அந்தக் கருப்புப் பாறைக்கும் அதன் மேல் படுத்திருக்கும் அடுக்குக்கும் நடுவே சில இடங்களில் நூறு கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலம் காணாமல் போயிருக்கிறது. அத்தனை காலத்துப் பாறையும் அரிந்துபோன பிறகுதான் அடுத்த அடுக்கு படிந்தது. இத்தனையையும் ஆறு அறுத்துத் திறந்து காட்டியது கடந்த ஐந்தாறு மில்லியன் ஆண்டுகளில் என்பதுதான் நிலவியலாளர்களில் பெரும்பாலோர் கணக்கு.

சரி, மேலிருந்து தெரியாதவை எவை? ஆறு அவ்வளவாகத் தெரியாது. தேசியப் பூங்காவின் மேல் பறக்கும்போது அது அங்கங்கே துண்டு துண்டாகத்தான் கண்ணில் படும். சுவர்களுக்கு நடுவே புகுந்து போவதும் நடக்காது. விளம்பரப் படங்களில் அப்படி ஒரு பாவனை இருக்கும், நம்ப வேண்டாம். பூங்கா எல்லைக்குள் விளிம்புக்குக் கீழே சுற்றுலா ஹெலிகாப்டர் இறங்கிப் பறப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது.

தடை வந்த கதை

1956 ஜூன் 30. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சில நிமிட இடைவெளியில் கிளம்பிய இரண்டு பயணிகள் விமானங்கள், ஒன்று டிடபிள்யூஏ, மற்றொன்று யுனைடெட், கிராண்ட் கேன்யன் மேலே 21,000 அடி உயரத்தில் மோதிக்கொண்டன. 128 பேர், ஒருவர்கூட மிஞ்சவில்லை. அன்றைக்கு அந்த வானத்தில் விமானங்களைப் பிரித்து அனுப்ப யாரும் இல்லை. விமானிகள்தான் கண்ணால் பார்த்து விலகிக்கொள்ள வேண்டும். அன்று மேகமும் இருந்தது. விமானிகள் ஒருவரை ஒருவர் ஏன் பார்க்கவில்லை என்பதற்கு விசாரணை அறிக்கை பட்டியலிட்ட சாத்தியமான காரணங்களில் ஒன்று, பயணிகளுக்குப் பள்ளத்தாக்கை நன்றாகக் காட்ட வேண்டும் என்ற முனைப்பு. இந்த விபத்து அமெரிக்க வான்பயணத்தையே மாற்றியது. 1958-ல் புதுச் சட்டம் வந்தது, இன்று எஃப்ஏஏ என்று நாம் அறிந்திருக்கும் விமானப் போக்குவரத்து ஆணையம் அதில் பிறந்ததுதான். மோதிய விமானங்கள் விழுந்த இடம் 2014-ல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

சுற்றுலாப் பறத்தலோ அதற்குப் பிறகுதான் வளர்ந்தது. 1960-களின் நடுவில், வடக்கு விளிம்புக்குக் கீழே இருக்கும் ஊற்றிலிருந்து தெற்கு விளிம்புக்குத் தண்ணீர் கொண்டுவரக் குழாய் பதித்தார்கள். சாலையே இல்லாத இடம். குழாயும் ஆளும் ஹெலிகாப்டரில்தான் போக வேண்டும். அந்த வேலையை எடுத்த ஒப்பந்தக்காரர் எல்லிங் ஹால்வர்சன், 1965-ல் அதே ஹெலிகாப்டரில் ஆட்களை ஏற்றிச் சுற்றிக் காட்டத் தொடங்கினார். பப்பியோன் என்ற இன்றைய பெரிய நிறுவனம் அப்படி வந்ததுதான். அடுத்த இருபது ஆண்டுகளில் பல நிறுவனங்கள் முளைத்தன. எல்லோருக்கும் காட்ட வேண்டிய இடங்கள் அதே இடங்கள், வானமும் அதே வானம். விளிம்புக்குக் கீழேயும் பறந்தார்கள்.

1986 ஜூன் 18 அன்று ஒரு ட்வின் ஆட்டர் சுற்றுலா விமானமும் ஒரு பெல் 206 சுற்றுலா ஹெலிகாப்டரும் மோதின. விமானத்தில் 20 பேர், ஹெலிகாப்டரில் 5 பேர். 25 பேரும் இறந்தார்கள். முப்பது ஆண்டுக்கு முன்பு நடந்த அதே கதை: இரண்டு விமானிகளும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை, அவர்களைப் பிரித்து வைக்க எந்த ஏற்பாடும் இல்லை.

அடுத்த ஆண்டே, 1987 ஆகஸ்டில், தேசியப் பூங்காக்களின் மேல் பறப்பதற்கான சட்டம் வந்தது. அதன்படி 1988-ல் எஃப்ஏஏ கொண்டுவந்த சிறப்பு விதிகள்தான் இன்றைய சுற்றுலாவின் எலும்புக்கூடு. பூங்காவின் பல பகுதிகள் பறக்கத் தடை செய்யப்பட்ட வட்டாரங்களாக அறிவிக்கப்பட்டன. பயணிகள் கூடும் தெற்கு விளிம்பு ஊர், பிரைட் ஏஞ்சல் தடம் ஆகியவற்றின் மேல் பறக்கவே முடியாது. நடுவே சில இடைவழிகள் மட்டும் விடப்பட்டன. டூசயானிலிருந்து போகிறவர்கள் கேட்கும் டிராகன், ஜூனி என்ற பெயர்கள் இந்த இடைவழிகளுடையவை. டிராகன் வழியாகப் போய்த் திரும்புவது அரை மணி நேரத்துக்குள் முடியும் குறுகிய சுற்று. கிழக்கே ஜூனி வழியாகப் போய், வடக்கு விளிம்பின் காட்டைத் தொட்டு, டிராகன் வழியாகத் திரும்பினால் முக்கால் மணி நேரம் வரை ஆகும். சிறிய கொலராடோ ஆறு பெரிய ஆற்றோடு கலக்கும் பக்கத்தைப் பார்க்க வேண்டுமென்றால் இந்த நீளச் சுற்றுதான் எடுக்க வேண்டும். விமானத்துக்கு ஒரு பாதை, ஹெலிகாப்டருக்கு வேறு பாதை, ஒவ்வொன்றுக்கும் வேறு உயரம். விமானி நினைத்தால் கொஞ்சம் அந்தப் பக்கம் ஒதுங்கிக் காட்ட முடியாது. அப்படிக் காட்டச் சொல்லிக் கேட்பதும் தவறு.

நேரத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. இந்த இரண்டு இடைவழிகளிலும் மே முதல் செப்டம்பர் வரை மாலை 6 மணிக்கு மேல் காலை 8 மணி வரை பறக்கக் கூடாது. மற்ற மாதங்களில் மாலை 5 முதல் காலை 9 வரை. சூரிய உதயத்தைப் பூங்காவின் மேலிருந்து ஹெலிகாப்டரில் பார்க்க முடியாது என்பதற்குக் காரணம் இதுதான். 2000-ல் மொத்தப் பறப்புகளின் எண்ணிக்கைக்கே உச்சவரம்பு வந்தது, ஆண்டுக்குச் சுமார் 90,000. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இத்தனை என்று அதைப் பங்கிட்டார்கள்.

அமைதி யாருடையது

1987 சட்டத்தில் பாதுகாப்பு மட்டும் பேசப்படவில்லை. பூங்காவின் ‘இயற்கையான அமைதி’ கணிசமாக மீட்கப்பட வேண்டும் என்றும் அது சொன்னது. அமைதி என்பதைக் கண்ணுக்குத் தெரியும் பாறை போல, ஆறு போல காப்பாற்றப்பட வேண்டிய சொத்தாக ஒரு சட்டம் ஒப்புக்கொண்டது பெரிய விஷயம். அந்தப் பள்ளத்தாக்குக்குள் இறங்கி நடந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். காற்று நின்றால், தன் மூச்சுச் சத்தம் தனக்கே கேட்கும் இடம் அது. அங்கே ஒரு ஹெலிகாப்டரின் சத்தம் வெகு முன்னாலேயே கேட்கத் தொடங்கி, தலைக்கு மேல் போய், மறைந்த பிறகும் சுவர்களில் எதிரொலித்துக்கொண்டிருக்கும். அது அடங்குவதற்குள் அடுத்தது வரும்.

கணிசமான மீட்பு என்றால் எவ்வளவு? பூங்காவின் பாதிப் பரப்பில், பகல் நேரத்தின் 75 சதவீதமாவது விமானச் சத்தம் கேட்காமல் இருந்தால் போதும் என்று வரையறை செய்தார்கள். திருப்பிப் படித்தால், மீதிப் பாதியில் நாள் முழுக்கச் சத்தம் கேட்டாலும் சட்டம் நிறைவேறியதாகவே கணக்கு. எனக்கு இது போதுமானதாகத் தோன்றவில்லை. டிராகன் இடைவழிக்கு அருகே ஹெர்மிட் தடத்தில் மணிக்கணக்கில் நடந்து இறங்கும் ஒருவருக்கு, பூங்காவின் இன்னொரு மூலை அமைதியாக இருக்கிறது என்று சொல்வதால் என்ன பயன்? பல ஆண்டுகள் விசாரணை, வழக்கு, வரைவுத் திட்டம் என்று இழுத்தும் இந்த வரையறை மாறவில்லை. 2012-ல் நாடாளுமன்றமே அதைச் சட்டத்தில் எழுதிவிட்டது.

உண்மையான முன்னேற்றம் இயந்திரத்தில் நடந்திருக்கிறது. ஹெலிகாப்டரின் எரிச்சலூட்டும் சத்தத்தில் பெரும்பங்கு வால் விசிறியிலிருந்து வருவது. இங்கே இப்போது அதிகம் பறக்கும் இசி130 வகையில், வால் விசிறி வெளியே சுழலாமல் வாலுக்குள்ளேயே ஒரு வளையத்தில் பதிந்திருக்கும். அதன் இலைகளுக்கு இடையில் இருக்கும் இடைவெளியும் சமமாக இருக்காது. சமமாக வைத்தால் சத்தம் முழுக்க ஒரே சுருதியில் குவிந்து காதைக் குத்தும். மாற்றி மாற்றி வைத்தால் அது பல சுருதிகளாகப் பிரிந்து மங்கிவிடும். இப்படிப்பட்ட ஹெலிகாப்டர்களுக்கு அரசு கட்டணச் சலுகை கொடுத்து ஊக்கப்படுத்தியது. மீட்புப் பணிக்குப் பூங்கா நிர்வாகம் வைத்திருக்கும் ஹெலிகாப்டரும் வால் விசிறியே இல்லாத, அமைதியான வகைதான். பதிவு செய்யும்போது எந்த வகை ஹெலிகாப்டர் என்று கேட்பது, கீழே நடக்கிறவருக்கும் நாம் செய்யும் உதவி.

வாலபாய் நிலத்தில் நடப்பது

இனி மேற்குப் பக்கம். வாலபாய் மக்களுக்கென்று 1883-ல் ஒதுக்கப்பட்ட நிலம் சுமார் பத்து லட்சம் ஏக்கர். கொலராடோ ஆற்றங்கரையில் 174 கிலோமீட்டர் அவர்களுடையது. கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் வறண்ட பூமி, விவசாயத்துக்கு வழியில்லை. பிரிட்ஜ் கேன்யனில் ஓர் அணை வரும், அதனால் வருமானம் வரும் என்று ஒரு காலத்தில் எதிர்பார்த்தார்கள். 1968-ல் அது கைவிடப்பட்டது. 1990-களில் சூதாட்ட விடுதி திறந்து பார்த்தார்கள். லாஸ் வேகாஸ் பக்கத்தில் இருக்கும்போது அங்கே யார் வருவார்கள்? மூடிவிட்டார்கள். மிஞ்சியது பள்ளத்தாக்கின் காட்சி. 2007-ல் விளிம்பிலிருந்து 21 மீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடி நடைபாலத்தைத் திறந்தார்கள். ஹெலிகாப்டர்கள் ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்கி ஆற்றங்கரை மேடையில் உட்காருவதும், அங்கிருந்து பயணிகள் படகில் ஒரு சுற்றுப் போவதும் அவர்கள் அனுமதியோடு நடப்பவை. 2000-ல் பறப்புகளுக்கு உச்சவரம்பு வந்தபோது, இந்த மக்களின் வாழ்வாதாரத்தைக் காட்டித்தான் இந்தப் பகுதிக்கு விலக்கு கொடுத்தார்கள்.

விளைவு, குவார்ட்டர்மாஸ்டர் பள்ளத்தாக்குப் பக்கம் ஹெலிகாப்டர்கள் வரிசை கட்டி இறங்கி ஏறுகின்றன. பல நாள் ஆற்றுப் பயணமாகப் படகில் வருகிறவர்கள் அந்த இடத்தை ‘ஹெலிகாப்டர் சந்து’ என்று சலிப்போடு சொல்வார்கள். அவர்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதே படகுப் பயணிகளில் ஒரு பகுதியினர், விட்மோர் என்ற இடத்தில் பயணத்தை முடித்துக்கொண்டு ஹெலிகாப்டரில்தான் மேலே ஏறிப் போகிறார்கள். ஐரோப்பியர் வருவதற்கு முன்பிருந்தே அந்தக் கரையில் இருந்துவரும் மக்கள், தங்களிடம் மிஞ்சியிருக்கும் ஒரே வழியில் சம்பாதிப்பதைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பக்கத்திலேயே ஹவசுபாய் மக்களின் சுபாய் கிராமம் இருக்கிறது. பள்ளத்தாக்குக்குள் அமைந்த ஊர், சாலை கிடையாது. 13 கிலோமீட்டர் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் கோவேறு கழுதை. தபாலே கழுதை மேல்தான் போகிறது. ஹெலிகாப்டர் அங்கே டவுன் பஸ்ஸின் வேலையைச் செய்கிறது, ஊர்க்காரர்களுக்கும் சரக்குக்கும்தான் முதல் இடம். 2024 ஆகஸ்டில் திடீர் வெள்ளம் வந்தபோது, மாட்டிக்கொண்ட சுற்றுலாப் பயணிகளை ராணுவ ஹெலிகாப்டர்கள் வந்து தூக்கிப் போயின.

எடை பார்ப்பது எதற்கு

டிக்கெட் கொடுக்கும் இடத்தில் எல்லோரையும் எடை இயந்திரத்தில் ஏற்றுவார்கள். குறிப்பிட்ட எடைக்கு மேல் இருந்தால் இன்னொரு இருக்கைக்கும் பணம் கட்டச் சொல்வார்கள். யார் எங்கே உட்கார வேண்டும் என்பதையும் அவர்களே சொல்வார்கள். கணவன் மனைவி வேறு வேறு வரிசையில் உட்கார நேரலாம். இதில் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. பாலைவனக் காற்றில் ஹெலிகாப்டர் பறப்பது அவ்வளவு லேசான காரியம் இல்லை.

விசிறி இலைகள் காற்றைக் கீழே தள்ளித்தான் ஹெலிகாப்டர் மேலே நிற்கிறது. உயரம் கூடக் கூடக் காற்று மெலியும். வெயில் ஏற ஏற இன்னும் மெலியும். டூசயான் விமான நிலையம் 2,014 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வெப்பம் 30 டிகிரி ஆகும் ஒரு கோடை மதியத்தில், காற்றின் அடர்த்தி 3,000 மீட்டர் உயரத்தில் வழக்கமாக இருக்கும் அளவுக்குக் குறைந்துவிடும். இலைகளுக்குப் பிடிக்கக் காற்று குறைவு, இயந்திரம் எரிக்கவும் காற்று குறைவு. அப்போது ஒவ்வொரு கிலோவும் கணக்கு. எடை முன்பக்கமோ பின்பக்கமோ, இடமோ வலமோ கூடுதலாகச் சாய்ந்தாலும் ஆபத்து.

அதோடு பள்ளத்தாக்கின் காற்று ஒரே சீராக இருக்காது. வெயில் படும் சுவர் சூடாகி அதையொட்டிக் காற்று மேலே ஏறும்; நிழல் சுவரை ஒட்டிக் கீழே இறங்கும். மதியத்துக்கு மேல் இந்த ஏற்ற இறக்கம் நன்றாகத் தெரியும், வயிறு புரட்டுகிறவர்களுக்கு ரொம்பவே தெரியும். ஜூலை முதல் செப்டம்பர் வரை அரிசோனாவின் பருவமழைக் காலம், பிற்பகலில் இடியோடு மழை வந்துவிடும். எப்படிப் பார்த்தாலும் காலை நேரம்தான் நல்லது. சாய்ந்த வெயிலில் பாறை நிறங்களும் அப்போதுதான் எடுப்பாக இருக்கும். வெள்ளைச் சட்டை வேண்டாம். கண்ணாடியில் பிரதிபலித்து எல்லாப் படத்திலும் உங்கள் சட்டைதான் தெரியும்.

ஒரு நட், ஒரு எரிபொருள் தொட்டி

விபத்துகளைப் பற்றி நிறுவனங்கள் பேசுவதில்லை. பேச வேண்டியிருக்கிறது. 2003 செப்டம்பரில் மேற்குப் பகுதியில் ஒரு ஹெலிகாப்டர் பாறைச் சுவரில் மோதி ஏழு பேர் இறந்தார்கள். விமானி பாதுகாப்பு முறைகளை மதிக்காமல் சுவருக்கு மிக நெருக்கமாகப் பறந்ததே காரணம் என்றது போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். பயணிகளுக்குத் திரில் காட்டுவது அவர் வழக்கமாக இருந்திருக்கிறது.

2011 டிசம்பர் 7-ல் நடந்தது வேறு ரகம். லாஸ் வேகாஸிலிருந்து ஹூவர் அணையைப் பார்க்கக் கிளம்பிய ஹெலிகாப்டர், நேராகப் போய்க்கொண்டிருந்தது, திடீரென்று மேலே ஏறித் திசைமாறி விழுந்தது. ஐந்து பேரும் இறந்தார்கள். முந்தைய நாள்தான் பராமரிப்பு நடந்திருந்தது. மேல் விசிறியைக் கட்டுப்படுத்தும் பாகம் ஒன்றை மாற்றி, அதன் தண்டை ஒரு போல்ட்டும் நட்டும் போட்டு இணைத்திருக்கிறார்கள். தானாகக் கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்ளும் வகை நட் அது. தேய்ந்துபோனால் அந்தப் பிடிமானம் போய்விடும், தூக்கி எறிந்துவிட்டுப் புதிது போட வேண்டும். தேய்ந்ததையே திரும்பப் போட்டிருந்தார்கள். நட் கழன்றாலும் போல்ட் வெளியே வராமல் தடுக்க ஒரு பின் செருக வேண்டும். அதைச் செருகவில்லை, அல்லது சரியாகச் செருகவில்லை. வேலை செய்த மெக்கானிக்கும் அதைச் சரிபார்த்தவரும் களைப்பில் இருந்ததையும், சரிபார்க்க வேண்டிய படிகள் வேலைச் சீட்டில் தெளிவாக எழுதப்படாததையும் வாரியம் காரணங்களாகச் சேர்த்தது. விரல் நுனியில் அடங்கும் ஒரு பின்.

2018 பிப்ரவரி 10 மாலை, குவார்ட்டர்மாஸ்டர் பள்ளத்தாக்கில் இறங்க வந்த ஓர் இசி130, பின்காற்றிலும் கீழிழுக்கும் காற்றிலும் சிக்கிச் சுழன்று விழுந்தது. ஏழு பேரில் ஐந்து பேர் இறந்தார்கள். வேதனை என்னவென்றால், விழுந்த அதிர்ச்சியைவிட அதற்குப் பிறகு பற்றிய தீதான் உயிர்களைக் குடித்தது. இடம் அவ்வளவு கரடுமுரடு. காயம்பட்டவர்களை வெளியே கொண்டுவர நள்ளிரவு தாண்டிவிட்டது.

மோதினாலும் கிழியாத தொட்டி, குழாய் அறுந்தால் தானே மூடிக்கொள்ளும் வால்வு என்பதெல்லாம் அப்போதே கைவசம் இருந்த தொழில்நுட்பம். ராணுவ ஹெலிகாப்டர்களில் 1970-களிலிருந்தே இருந்தது. 1994-ல் எஃப்ஏஏ இதைக் கட்டாயமாக்கியபோது, புதிதாக வடிவமைக்கப்படும் வகைகளுக்கு மட்டும் என்று எழுதியது. இசி130 புது ஹெலிகாப்டராக இருந்தாலும், பழைய ஏஎஸ்350 வகையின் சான்றிதழின் கீழ் வந்ததால் விதி அதைத் தொடவில்லை. 2018 விபத்துக்குப் பிறகுதான் நாடாளுமன்றம் சட்டம் போட்டது: 2020 ஏப்ரலுக்குப் பின் தயாராகும் எல்லா ஹெலிகாப்டருக்கும் இது கட்டாயம். அதற்கு முன்பு தயாரானவை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அந்தச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அந்த விபத்தில் மகனை இழந்த ஒரு பெற்றோர் வழக்குப் போட்டு, தயாரித்த நிறுவனமும் இயக்கிய நிறுவனமும் சேர்ந்து 10 கோடி டாலர் கொடுக்கும் உடன்பாட்டோடு 2024-ல் அது முடிந்தது. எரிபொருள் தொட்டியைப் பற்றி உலகம் பேச வேண்டும் என்பதுதான் அவர்கள் நோக்கமாக இருந்தது.

ஆகவே பதிவு செய்வதற்கு முன்பு நிறுவனத்திடம் நேராகவே கேட்கலாம்: உங்கள் ஹெலிகாப்டரில் மோதலைத் தாங்கும் எரிபொருள் தொட்டி இருக்கிறதா? பெரிய நிறுவனங்கள் சில தாங்களாகவே முன்வந்து பழைய ஹெலிகாப்டர்களிலும் மாற்றிவிட்டன. அவர்கள் தயங்காமல் பதில் சொல்வார்கள். அப்புறம், 2024-ல் எஃப்ஏஏ வெளியிட்ட விதிப்படி, சுற்றுலா நடத்தும் நிறுவனங்கள் 2027 மே மாதத்துக்குள் முறையான பாதுகாப்பு மேலாண்மை ஏற்பாடு வைத்திருக்க வேண்டும். ஆபத்துகளை விபத்து நடக்கும் முன்பே தேடிப் பதிவு செய்து சரிசெய்வது என்பதுதான் அதன் உள்ளடக்கம். அதை ஏற்கெனவே செயல்படுத்திவிட்டீர்களா என்றும் கேளுங்கள்.

காற்று சரியில்லை என்று விமானி ரத்து செய்தால் பெரும்பாலும் பணத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள், இல்லாவிட்டால் வேறு நாள் தருவார்கள். அந்த வேறு நாள் உங்கள் கையில் இருக்க வேண்டும். ஊர் திரும்புவதற்கு முந்தின நாளில் போடாமல், போய்ச் சேர்ந்த மறுநாள் காலையிலேயே பதிவு செய்துவையுங்கள்.